கால் டேங்க் காட்டுது, ஆனா வண்டி நின்னுபோச்சு! பழைய கார் மீட்டர் பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பது எப்படி?

அன்னூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோவில்பாளையம் வருவதற்குள் வண்டி இரண்டு முறை திணறியது. மூன்றாவது முறை ஓரமாக நின்றேவிட்டது. பெட்ரோல் முள் கால் டேங்கில் இருந்தது. அதனால் பெட்ரோல் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பேட்டரியா, பிளக்கா, பம்ப்பா என்று அப்பா அரை மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுத் தேடினார். அந்த வழியாக வந்த பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். காரை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "ஏனுங்ணா, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே!"

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். வண்டியை ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல், "மீட்டர் போர்டையே முழுசா மாத்தணும் சார்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டார். கணபதியில் அவருக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் பின்சீட்டைத் தூக்கினார், ஒரு கப்ளரைக் கழற்றினார், அதன் வயரை பாடியில் ஒரு நொடி தொட்டார். டேஷ்போர்டில் செத்துக் கிடந்த முள் மெல்ல எழுந்து ஃபுல் பக்கம் நகர்ந்தது.

"மீட்டர் நல்லாத்தான் இருக்குது அம்மணி. டேங்குக்குள்ள இருக்குற மிதவைதான் மாட்டீட்டு நிக்குது. மீட்டர மாத்தியிருந்தீங்கன்னா, புது மீட்டரும் இதே காலைத்தான் காட்டியிருக்கும்" என்றார்.

மூன்று நிமிட வேலை. ஆனால் இந்த மூன்று நிமிடத்தைச் செலவழிக்காமல்தான் பலர் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். பெட்ரோல் முள் பொய் சொன்னால் ஒரு நடை நடந்து பங்க்குக்குப் போகலாம். சூட்டைக் காட்டும் முள் பொய் சொன்னால் இன்ஜினே போய்விடும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முள் எதையும் அளப்பதில்லை

பழைய காரில் டேஷ்போர்டில் நாம் பார்ப்பது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. அளக்கும் வேலையைச் செய்வது வேறு எங்கோ இருக்கும் ஒரு சின்னப் பொருள். பெட்ரோலுக்கு டேங்கினுள் இருக்கும் மிதவை, சூட்டுக்கு இன்ஜினில் திருகப்பட்ட சென்சார். அங்கிருந்து ஒரு வயர் மீட்டருக்கு வருகிறது. மீட்டருக்கு ஃப்யூஸ் வழியாகக் கரண்ட் வருகிறது. சுற்று முழுமையாக, எல்லாம் வண்டியின் பாடி வழியே எர்த் ஆக வேண்டும். ஆக சென்சார், வயர், எர்த், சப்ளை, மீட்டர் என ஐந்து இடங்கள். இதில் எது கெட்டாலும் தப்பாகத் தெரிவது முள்தான். பழி விழுவதும் மீட்டர் மேல்தான்.

கோவைக்காரர்களுக்கு இந்த மீட்டர் சமாச்சாரம் அந்நியமானதல்ல. பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் 'பிரிக்கால்' நிறுவனத்தின் முழுப்பெயரே பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ் என்பதன் சுருக்கம்தான். 1970-களில் தொடங்கிய இந்த நிறுவனம், டூவீலரில் இருந்து லாரி வரை வாகனங்களுக்கான டேஷ்போர்டு மீட்டர்களும் சென்சார்களும் செய்கிறது. ஆனால் மீட்டர் செய்கிற ஊரிலேயே, கெடாத மீட்டரைக் கழற்றிப் போடும் வேலையும் நடக்கத்தான் செய்கிறது.

பெட்ரோல் முள்: வயரைத் தொட்டால் தெரிந்துவிடும்

டேங்கினுள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பிக் கை, கையின் முனையில் ஒரு மின்தடைப் பட்டை. டேங்க் யூனிட் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பது இதைத்தான். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், மின்தடை மாறும், முள் நகரும். இருபது வருடம் அதே பட்டையில் உரசிக்கொண்டே இருந்தால் தேயும். துருவும் கசடும் சேர்ந்தால் கை பாதியில் மாட்டிக்கொள்ளும். மிதவையில் ஓட்டை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும். அப்போது டேங்க் நிறைய இருந்தாலும் முள் காலியைத்தான் காட்டும்.

கணபதி அண்ணன் செய்த சோதனை இதுதான். சாவியை ஆஃப் செய்துவிட்டு டேங்க் யூனிட்டுக்குப் போகும் கப்ளரைக் கழற்ற வேண்டும். பிறகு சாவியை ஆன் செய்து முள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, மீட்டரிலிருந்து வரும் வயரை எர்த்தில் சேர்த்தால் முள் எதிர்முனைக்கு ஓட வேண்டும். எந்த முனைக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் எர்த் செய்தால் ஃபுல், சிலவற்றில் காலி. நாம் பார்க்க வேண்டியது, இரண்டு முனைக்கும் முள் ஓடுகிறதா என்பது மட்டும்தான். ஓடினால் மீட்டர், வயர், சப்ளை மூன்றும் பெரும்பாலும் சரி, கோளாறு டேங்க் பக்கம். அசையவே இல்லையென்றால் ஃப்யூஸ், வயர், மீட்டர் என்று முன்பக்கமாகத் தேடணும்.

வயரை நேரடியாக பாடியில் தொடுவதைவிட, நடுவில் 3.4 வாட் மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைச் சேர்த்துத் தொடுவது நல்லது. நேரடியாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் நல்ல மீட்டரும் சூடாகிக் கெட்டுப்போகலாம். அப்புறம், இது பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நடக்கிற வேலை. ஆவி வாசனை அடித்தால் தீப்பொறி வரும் எதையும் செய்யாதீர்கள். கதவு மூடிய கராஜிலும் வேண்டாம். டேங்க் யூனிட்டை வெளியே எடுக்கும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

சில நேரம் முள் ஒரேயடியாகப் பொய் சொல்லாது, ஆடும். இண்டிகேட்டர் போட்டால் அதற்கேற்ப ஆடுகிறதா? ஹெட்லைட் போட்டால் இறங்குகிறதா? பிரேக்கை மிதித்தால் நகர்கிறதா? அப்படியென்றால் மீட்டரை விட்டுவிட்டு எர்த் வயரைத் தேடுங்கள். பின்பக்க விளக்குகளும் டேங்க் யூனிட்டும் எர்த் ஆகும் இடத்தில் துரு பிடித்திருந்தால், விளக்கின் கரண்ட் மீட்டரின் கணக்கைக் குழப்பும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப இறுக்கினால் போதும். செலவு, ஒரு உப்புத்தாளின் விலை.

(பிரேக் மிதித்தால் முள் கொஞ்சம் அசைவது பெட்ரோல் முன்னே பின்னே அலைவதாலும் நடக்கும். அதனால் நிற்கிற வண்டியில் மிதித்துப் பாருங்கள்.)

இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால்

இது ஒரு நல்ல துப்பு. பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். இரண்டும் சேர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ, இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு. ஃப்யூஸ், மீட்டர் போர்டின் எர்த், அல்லது வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

சாவி போட்டதும் முள் துள்ளி எழாமல் சோம்பேறித்தனமாக மெதுவாக ஏறுகிற வண்டி உங்களுடையதா? அதன் மீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு. அந்தத் தகட்டுக்கு வரும் வோல்டேஜ் மாறினால் காட்டும் அளவும் மாறும். பேட்டரி வோல்டேஜ் 12-க்கும் 14-க்கும் நடுவில் அலைவதால், பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகள் பலவற்றில் அதை 10 வோல்ட்டாக மட்டுப்படுத்த ஒரு சின்ன ஸ்டெபிலைசர் வைத்தார்கள். அது கெட்டாலோ, அதன் எர்த் விட்டாலோ, பேட்டரி வோல்டேஜ் முழுசாக உள்ளே போகும். உடனே பெட்ரோலும் கூடுதலாகத் தெரியும், இன்ஜினும் சூடாகத் தெரியும். பாவம், அப்போது ரேடியேட்டரைக் கழற்றி சர்வீஸ் செய்துவிடுவார்கள்.

சூட்டு முள்: கீழே இருந்தால் நல்லது என்று யார் சொன்னது?

இப்போது அந்தக் கதை. என் சித்தப்பா குடும்பத்தோடு வால்பாறைக்குப் போனார். ஆழியாரில் இருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை வரைக்கும் சூட்டு முள் வழக்கமான இடத்தில் இருந்திருக்கிறது. பிறகு கொஞ்சம் ஏறியது. அப்புறம் மடமடவென்று 'சி' பக்கம் இறங்கிவிட்டது. "மேல காத்து ஜில்லுனு இருக்குதல்ல, அதான் ஆறிப்போச்சு" என்று அவர் ஓட்டிக்கொண்டே போனார். அடுத்த சில வளைவுகளில் வண்டி நின்றது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டியிருந்தது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட் வளைந்து, கடைசியில் இன்ஜினையே இறக்க வேண்டியதாயிற்று.

முள் ஏன் இறங்கியது? சென்சார் அளப்பது இன்ஜினின் சூட்டை அல்ல, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் போய்விட்டால் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருப்பது காற்றும் ஆவியும்தான். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் குளிர்ச்சியைக் காட்டக்கூடும். அதனால் ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால், அது நல்ல செய்தி அல்ல. ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இந்த சென்சாரின் குணம் எளிது. சூடு ஏற ஏற மின்தடை குறையும். அதனால் வயர் அறுந்தால் முள் 'சி'-யிலேயே கிடக்கும். வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், இன்ஜின் ஆறியிருந்தாலும் முள் 'ஹெச்'சுக்குப் போகும். காலையில் வண்டி எடுக்கும்போதே, சாவி போட்ட உடனே முள் 'ஹெச்' காட்டினால் அது சூடு அல்ல, ஷார்ட்.

இதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. பம்ப்செட் ஊர் அல்லவா, எந்தத் திருகைக் கண்டாலும் டெஃப்லான் டேப் சுற்றுவது கைப்பழக்கம். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்தத் திருகு வழியாகத்தான். டேப்பை மொத்தமாகச் சுற்றினால் எர்த் விட்டுப்போய், புது சென்சார் மாட்டியும் முள் எழாது. இன்னொரு குழப்பம், பல பழைய வண்டிகளில் மீட்டருக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என இரண்டு சென்சார்கள் இருக்கும். முள் வேலை செய்யவில்லை என்று ஃபேன் சென்சாரை மாற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

முள் எப்போதுமே தாழ்வாக இருந்தால்? அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், இன்ஜின் உண்மையிலேயே சூடேறாது. பெட்ரோல் அதிகம் குடிக்கும். இதைக் கையால் தொட்டே ஓரளவு அறியலாம். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தியே வைத்திருங்கள். ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸ் சில நிமிடம் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். ஃபேன் பிளேடு, பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளந்தே பார்க்க வேண்டுமானால் கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாகக் காட்டினால் குறைவான அளவைக் காட்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 85 முதல் 95 டிகிரி சுற்றளவில் நிற்கும். முள் நடுவில், தெர்மாமீட்டரும் இதே அளவில் என்றால், உங்கள் முள்ளை நம்பலாம்.

இன்னொன்று ஊட்டிக்காரர்களுக்கு. முள் உண்மையைச் சொன்னாலும் வண்டி கொதிக்கலாம். கோவையின் உயரம் சுமார் 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அந்த உயரத்தில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது இன்ஜின் சாதாரணமாக ஓடும் சூட்டிலேயே! இதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் கூலன்ட்டும்தான். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போய், கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால், முள் நடுவிலேயே நிற்க, தண்ணீர் பொங்கி வெளியேறும். மீட்டரைச் சந்தேகப்படாதீர்கள், மூடியை மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர்: ஒரு கல், ஒரு ஸ்டாப்வாட்ச்

கேபிள் போட்ட ஸ்பீடோமீட்டரில் கரண்ட்டே தேவையில்லை. கியர் பாக்ஸில் இருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கிண்ணம், தொடாமலேயே காந்தத்தின் பின்னால் இழுபடும். ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நூறு வருடம் கழித்தும் நம்ம ஊர் கார்களில் அதே கிண்ணம், அதே காந்தம்தான்.

ஓடும்போது முள் நடுங்கினால் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது. கிரீஸ் போடலாம், ஆனால் மீட்டர் பக்க முனையில் வேண்டாம். அது ஏறி மீட்டருக்குள் போய்விட்டால் முள் ஒட்டிக்கொள்ளும். முள் அசையாமல் கிலோமீட்டர் மட்டும் ஓடினால் கோளாறு மீட்டரில். இரண்டுமே நின்றுவிட்டால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

துல்லியம் பார்க்க, 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். முள்ளை 60-இல் நிலையாக வைத்து, ஒரு கிலோமீட்டர் கல்லில் இருந்து அடுத்த கல் வரை பக்கத்தில் இருப்பவரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 60 விநாடி என்றால் கச்சிதம். 63 விநாடி ஆனால் உண்மையான வேகம் 57. இது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஸ்பீடோமீட்டர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியேதான் செய்யப்படுகின்றன. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிப்படி, முள் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. கூடுதலாக இருக்கலாம், அதுவும் உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவுக்குள். ஒரு கல் சரியான இடத்தில் நடப்படாமல் இருக்கலாம் என்பதால், ஐந்து கற்களுக்கு அளந்து சராசரி எடுங்கள். போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டாலும் சரி.

57 விநாடி வந்தால்தான் கவலைப்படணும். அப்போது நீங்கள் போவது 63-இல். பெரும்பாலும் காரணம் டயர். உதாரணத்துக்கு, மாருதி 800-இன் 145/70 ஆர் 12 டயருக்குப் பதிலாக ஆல்டோவின் 145/80 ஆர் 12 டயரை மாட்டினால், சக்கரத்தின் விட்டம் கிட்டத்தட்ட 508 மில்லிமீட்டரில் இருந்து 537 ஆகிறது. சுமார் 5.7 சதவீதம் கூடுதல். முள் 60 காட்டும்போது வண்டி 63-ஐத் தாண்டியிருக்கும். கூடவே மைலேஜ் கணக்கும் குறைவாக வரும், ஏனென்றால் ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துச் சொல்கிறது. "வண்டி மைலேஜே குடுக்கலீங்க" என்று மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது.

ஆயில் லைட், சார்ஜ் லைட்

இவற்றை இரண்டு வரியில் முடிக்கலாம். சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் வைத்தால் இரண்டும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியாத ஆயில் லைட், ஆயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பல்பே போயிருக்கலாம். ஓடும்போது எரிந்தால் "சென்சாராத்தான் இருக்கும்" என்று ஓட்டாதீர்கள், உடனே நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், மெக்கானிக் கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்து சொல்லும் வரை ஓட்ட வேண்டாம். சார்ஜுக்கு மல்டிமீட்டர் போதும். நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது 13.8-இல் இருந்து 14.4 வரைக்கும் காட்டினால் சரி.

மீட்டர் போர்டையே கழற்ற வேண்டி வந்தால்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, மீட்டர்தான் கோளாறு என்றால்கூட முழுசாக மாற்றுவது கடைசி வழி. பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, கப்ளர்களை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றச் சொல்லுங்கள். பழைய போர்டுகளின் பின்பக்கம் மெல்லிய செப்புக் கோடுகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் சின்ன நட்டுகள் இருபது வருட அதிர்வில் தளர்ந்து, பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்து இறுக்கினாலே பல மீட்டர்கள் எழுந்துகொள்ளும். அதுவும் நடக்காவிட்டால் உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடலாம். ஆனால் வேறு வண்டியின் மீட்டர் போட்டால் அதன் கிலோமீட்டர் உங்கள் வண்டியின் கிலோமீட்டர் ஆகிவிடும். மாற்றிய தேதியையும் இரண்டு மீட்டரின் எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விற்கும்போது கேள்வி வரும்.

எங்கள் வண்டிக்கு டேங்க் யூனிட் மட்டும் மாற்றினோம். முள் இப்போது ஒழுங்காக இறங்குகிறது. இருந்தாலும் அப்பா அதை நம்புவதில்லை. டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து சன்வைசரில் செருகி வைக்கிறார். கால் டேங்குக்கு முள் வந்தால், எங்கே போய்க்கொண்டிருந்தாலும் பங்க்குக்குத் திருப்பிவிடுகிறார்.